நீலக் கண்ணாடியின் மூன்றாவது வரி

பழைய கண்ணாடியில் நீலம் கிடைப்பது குதிரைக் கொம்பு. பழுப்பு வேண்டுமென்றால் பீர் பாட்டில் லாரி லாரியாகக் கிடைக்கும். பச்சையும் அப்படித்தான். வெள்ளைக்குப் பஞ்சமே இல்லை. நீலம் மட்டும் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு மருந்துக் குப்பி என்று கையளவுக்குத்தான் வரும். நீலம்தான் வேண்டும் என்று என் வாடிக்கையாளர் தேஜஸ்வினி சொன்ன அன்றே நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முடியாது என்ற வார்த்தை என் வாயில் சுலபமாக வராது. வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். உடைந்த கண்ணாடியை வாங்கி, நொறுக்கி, கூர் மழுங்க உருட்டி, வெள்ளைச் சிமெண்டில் கலந்து பலகையாக வார்த்து, வழவழவென்று தேய்ப்பேன். மொசைக் தரை பார்த்திருப்பீர்கள், அதேதான். கல்லுக்குப் பதிலாகக் கண்ணாடிச் சில்லு. புனேயில், சாங்வி பக்கம் சிறிய கொட்டகை, நான்கு ஆட்கள். சமையல் மேடை, குளியலறைச் சுவர், ஹோட்டல் கவுண்டர் எல்லாம் செய்கிறோம். கோயம்புத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன், அதை விட்டுவிட்டு இதில் இறங்கி ஏழு வருஷமாகிறது.

ஒவ்வொரு மேடையோடும் ஓர் அட்டை கொடுப்பது என் வழக்கம். அந்தக் கண்ணாடி முன்பு என்னவாக இருந்தது என்று அதில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதியிருக்கும். எந்த ஹோட்டல் பாட்டில், எந்த ஆபீஸ் ஜன்னல், எந்தக் காரின் விளக்கு. வாங்குகிறவர்கள் மேடையைவிட அட்டையைத்தான் அதிகம் ரசிப்பார்கள். விருந்தாளி வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். குப்பைக்கு ஒரு கதை சேர்ந்தால் அது குப்பை இல்லை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.

தேஜஸ்வினி நாசிக் பக்கத்துக்காரர். கோந்த்வாவில் பதினோராவது மாடியில் புது வீடு, தசராவுக்குக் கிருகப்பிரவேசம். இங்கே சமையல் மேடையை ஓட்டா என்பார்கள். அவருடைய ஓட்டா முழுக்க நீலமாக இருக்க வேண்டும், சாயம் ஏற்றியதாக இருக்கக் கூடாது, புது பாட்டிலை உடைத்துப் போடுகிற மோசடியும் கூடாது. ஆகஸ்ட் முழுக்க நான் நீலத்துக்காகப் பேயாக அலைந்தேன். ஒரு வாளி கூடத் தேறவில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் சலீம் போன் செய்தான். சாகண் போகிற சாலையில் அவனுக்குக் கண்ணாடி நொறுக்கும் பட்டறை இருக்கிறது. வாணியம்பாடிக் குடும்பம், ஆனால் தாத்தா காலத்திலேயே புனே வந்துவிட்டார்கள். தமிழ் பேசுவான். எழுத்து தெரியாது.

"ராம் அண்ணா, சீக்கிரம் வாங்க. நீலம் கெடச்சிருக்கு. ஏக்தம் அசல் மால்."

போனேன். பதினொரு கண்ணாடிகள், ஒவ்வொன்றும் கை நீளம், விரல் கனம். எங்கோ ஒரு கட்டடத்தின் ஜன்னலாக இருந்திருக்க வேண்டும். ஓரங்களில் கண்ணாடியைப் பதிக்கப் பூசிய பழைய மக்கும் சிமெண்டும் ஒட்டியிருந்தன. சூரியனுக்கு எதிரே பிடித்தபோது என் கை, சட்டை, சலீமின் தாடி எல்லாம் நீலமாகிவிட்டது. தசரா தப்பித்தது என்று நினைத்தேன்.

பத்தை மெஷினுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டுப் பதினோராவதைச் சலீம் தன் சட்டை நுனியால் துடைத்தான்.

"அண்ணா, இதுல எழுத்து இருக்கு. நம்ம தமிழ்தானே? என்ன போட்டிருக்கு, ஜரா பாருங்க."

கண்ணாடியின் கீழ்ப்பக்கம் மூன்று வரி செதுக்கியிருந்தது. முதல் வரி: எங்கள் மகள் ஜெனிபர். இரண்டாவது வரி: 1996 – 2004. மூன்றாவது வரி பொடி எழுத்து, அதன்மேல் மண் அப்பியிருந்தது.

நான் நிமிர்ந்து சலீமைப் பார்த்தேன். அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். சலீம் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். செத்துப்போன குழந்தையின் பெயர் என்று சொன்னால் மெஷினை நிறுத்திவிடுவான். அந்த ஒன்றை மட்டும் அல்ல, பதினொன்றையும் துணி சுற்றி வைத்துவிட்டு, யாருடையது என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவான். ஒரு மாதம் போகும். ஓட்டாவும் போகும்.

"ஏதோ கடை போர்டு. போடு" என்றேன்.

அவன் போட்டான். மெஷின் ஒரு கண்ணாடியை விழுங்க அரை நிமிஷம் கூட ஆகாது. அந்த அரை நிமிஷமும் நான் வெளியே போய் நின்றுகொண்டு, வராத போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதே எனக்குக் கூசியது. தெரியாமல் செய்தேன் என்று நான் எங்கேயும் சொல்லிக்கொள்ள முடியாது.

ஓட்டா பிரமாதமாக வந்தது. வெள்ளைப் பரப்பில் நீலச் சில்லுகள், ஜன்னல் வெளிச்சம் பட்டால் ஈரம் போலப் பளபளக்கும். அட்டையில், புனேயில் இடிக்கப்பட்ட ஒரு பழைய கட்டடத்தின் ஜன்னல்கள் என்று எழுதினேன். இருபது வருஷம் யாருக்கோ வெளிச்சம் தந்த நீலம் இப்போது உங்கள் சமையலறையில் என்று ஒரு வரியும் சேர்த்தேன். அதை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன் என்பதுதான் இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

தசரா முடிந்து நாலைந்து நாள் இருக்கும். சலீம் மறுபடி போன் செய்தான்.

"அண்ணா, அந்த நீலக் கண்ணாடி இருந்துச்சுல்ல, அத மாதிரி ஒண்ண தேடிட்டு ஒரு அம்மா வந்தாங்க. தாபோடிலருந்து. நம்ம தமிழ் ஆளுங்கதான். அவங்க சர்ச்சுல ரிப்பேர் வேலை நடந்துச்சாம். பழைய கண்ணாடிய குடும்பத்துக்காரங்ககிட்ட திருப்பிக் குடுக்கிறேன்னு சொல்லிட்டு கான்ட்ராக்டர் பங்கார்ல, பழைய சாமானோட சாமானா தூக்கிப் போட்டுட்டானாம். ஒண்ணுல அவங்க பொண்ணு பேரு போட்டிருக்காம். சின்ன வயசுலயே போயிருச்சாம் அண்ணா."

"நீ என்ன சொன்ன?"

"என்கிட்டயும் எழுத்து போட்ட கண்ணாடி ஒண்ணு வந்துச்சு, ஆனா எங்க அண்ணா படிச்சு பாத்துட்டு கடை போர்டுன்னு சொன்னாரு, அது உங்களுது இல்ல, வேற பங்கார் கடையில பாருங்கன்னு அனுப்பிட்டேன். சரிதானே?"

"சரிதான்" என்றேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நொறுக்கியது ஒரு தப்பு என்றால் இது அதைவிடப் பெரிய தப்பு. இல்லாத கண்ணாடியை ஓர் அம்மா ஊர் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார், நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி.

அடுத்த வாரம் பச்சைக் கண்ணாடி பார்க்கப் போசரியில் ஒரு பழைய சாமான் கிடங்குக்குப் போனேன். உள்ளே கண்ணாடிக் குவியலுக்கு நடுவில் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் புரட்டிக்கொண்டிருந்தார். வலது கையில் கைக்குட்டை சுற்றி, அதிலும் ரத்தம் ஊறியிருந்தது. பக்கத்தில் கம்பெனிச் சீருடையோடு ஒரு வாலிபன். எழுத்து இருக்கிற துண்டு எது அகப்பட்டாலும் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "சீலா, இது தமிழா பாரு" என்று அவனைக் கேட்பார். அவன் உற்றுப் பார்த்துவிட்டு, "தெரியலமா" என்பான்.

நான் அப்படியே திரும்பிக் காரில் ஏறிவிட்டேன். சாவியைப் போட்டேன். திருகத்தான் முடியவில்லை. கால் மணி நேரம் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி உள்ளே போனேன்.

"என்னங்கம்மா தேடறீங்க?"

தமிழைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "தமிழா தம்பி நீங்க? படிக்கத் தெரியுமா?"

"தெரியுங்க."

"மாதாதான் அனுப்பிச்சிருக்கா. கொஞ்சம் இப்படி உட்காருங்க."

எழுத்துள்ள துண்டுகளைத் தனியாக ஒரு சாக்கில் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். இது கன்னடம், இது மலையாளம், இது ஏதோ மருந்து கம்பெனி என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டி, பத்திரமாகக் கீழே வைத்தார். எனக்கு உட்கார்ந்த இடம் சுட்டது.

அவர் பெயர் அந்தோணியம்மாள். திண்டிவனம் பக்கம். வீட்டுக்காரர் பவுன்ராஜ் கட்கியில் தொழிற்சாலையில் டர்னராக இருந்தவர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். மகன் ஜெயசீலன் சாகணில் கார் கம்பெனியில் வேலை. மூத்தவள் ஜெனிபர் எட்டு வயதில் காய்ச்சலில் போனாள். அவள் நினைவாகப் பீடத்துக்கு மேலே உயரத்தில் அந்த நீலக் கண்ணாடியைப் போட்டிருக்கிறார்கள்.

"எனக்குப் படிப்பு கெடயாது தம்பி. இவன் மராத்தி, இங்கிலீஷ் படிப்பான், தமிழ் தெரியாது. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு எங்க ஊட்டுக்காரரு கோயில்ல நின்னு அத வாய் உட்டு சொல்லுவாரு. மொத வரி பேரு, ரெண்டாவது வருஷம். மூணாவது அவரே சொந்தமா யோசிச்சு எழுதினது. அதுதான் எனக்கு மறந்துபோச்சு."

"ஒரு வார்த்தை கூடவா?"

"அவரு சொல்லும்போது அழுதுட்டிருப்பேன், எங்க கேக்கறது. கண்ணாடிதான் இருக்கே, எப்ப வேணா யாராச்சும் ஏணி போட்டு ஏறி படிச்சு சொல்வாங்கன்னு இருந்துட்டேன். இவன் போன்ல எடுத்து வெச்சிருக்கான், பெருசு பண்ணா வெறும் நீலமாத்தான் தெரியுது. இப்ப அவருக்கும் கல்லு வெக்கிறோம், பொண்ணு பக்கத்துலயே. ரெண்டு கல்லுலயும் அந்த வரிய வெட்டணும். ரெண்டாந்தேதி திருநாள். கண்ணாடி கூட வேணாம் தம்பி, அந்த வரி கெடச்சா போதும்."

இதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"அம்மா, உங்க கண்ணாடி என்கிட்டத்தான் வந்துச்சுங்க. சாகண் ரோட்டுல சலீம்னு ஒரு பையன் கடை போர்டுன்னு சொன்னானே, அவனுக்கு அப்படி படிச்சு சொன்னது நான்தான். அதுல ஜெனிபர்னு பேரு இருந்துச்சு. படிச்சுட்டுத்தான் பொய் சொன்னேன். எனக்கு நீலம் வேண்டியிருந்துச்சு. நொறுக்கியாச்சுங்க."

ஜெயசீலன் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தான். அறை விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"உடுடா" என்றார் அந்தோணியம்மாள். அவர் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை. அதில் கோபமே இல்லை. "அப்ப நீங்க படிச்சிருக்கீங்க. மூணாவது வரியும் படிச்சிருப்பீங்க."

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "நெனப்பு வரலைங்கம்மா" என்றேன். உண்மையைச் சொல்ல இறங்கி வந்தவன் அங்கேயும் ஒரு பொய்யைச் செருகிவிட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"பரவால்ல. நிதானமா யோசிங்க. அந்தக் கண்ணாடிய நேர்ல பாத்தா நெனப்பு வரும்ல? நொறுங்கினா என்ன, எங்கயோ இருக்குதானே?"

"கோந்த்வாவுல ஒரு வீட்டுல இருக்குங்க. சமையல் மேடையா."

"அங்க இட்டுனு போங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனேன். கண்ணாடி இருந்த கட்டடத்துக்காரர்கள் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று மட்டும் தேஜஸ்வினியிடம் சொல்லியிருந்தேன். அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வாசலிலேயே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவல் போஹா செய்து வைத்திருந்தார். என் அட்டையைச் சட்டம் போட்டு அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்தார்.

ஜெயசீலன் அதைப் படித்தான். இருபது வருஷம் யாருக்கோ வெளிச்சம் தந்த நீலம். படித்து முடித்து என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன்.

அந்தோணியம்மாள் சமையலறை வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மேடைக்குப் பக்கத்தில் போய், அடிபட்ட கையை அதன்மேல் வைத்தார். குக்கருக்கும் மிக்ஸிக்கும் நடுவில் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார்.

"எல்லாமே எங்க கோயில் கண்ணாடியா?"

"ஆமாங்க. பதினொண்ணும்."

"இதுல எம்பொண்ணுது எது?"

"தெரியாதுங்கம்மா. எல்லாம் கலந்துருச்சு."

அவர் கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பி நின்றார். நான் யோசிக்க வேண்டுமாம், அதற்காகக் காத்திருந்தார். தேஜஸ்வினிக்குத் தமிழ் ஒரு சொல் கூடப் புரியாது. அவர் டீ கொதிக்க வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். நான் நீலச் சில்லுகளையே வெறித்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு என்ன தெரியும்? நினைவுக்கு வர உள்ளே ஏதாவது இருந்தால்தானே வரும்.

திருநாளுக்கு இன்னும் ஆறு நாள். கல் வெட்டுகிறவர் காத்திருக்கிறார். ஏதாவது ஒரு வரி சொன்னால் இந்த அம்மா நிம்மதியாகப் போவார், யார் சரி பார்க்கப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிற்கவில்லை, வாயும் திறந்துவிட்டது.

"வந்துருச்சுங்கம்மா. ஆண்டவர் தம் கைகளில் உன்னைத் தாங்குவார். அதுதானுங்க."

அவர் அதை உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு தலையை அசைத்தார்.

"இது இல்ல தம்பி. ஆண்டவரு பேரே அதுல வராது. எங்க ஊட்டுக்காரருக்கு அப்ப ஆண்டவர் மேல கோவம். வேத வசனம் போடுன்னு சாமியாரு சொல்ல, முடியாதுன்னு இவரு சண்ட போட்டுத்தான் சொந்தமா எழுதினாரு. உங்களுக்கு வேற யாரோடதோ நெனப்பு வந்திருக்கும். இன்னொரு தடவ பாருங்க."

நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்கு அப்போதும் தோன்றவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான் படிக்கவே இல்லைங்கம்மா" என்றேன். "ரெண்டு வரிதான் படிச்சேன். மூணாவதுல மண்ணு ஒட்டியிருந்துச்சு. கையால தொடச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். தொடைக்கலைங்க."

"ஏன் தம்பி?"

"முழுசா படிச்சுட்டா ஒடைக்க மனசு வராதுன்னு எனக்குத் தெரியும்."

ஜெயசீலன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டான். தேஜஸ்வினி டீயைக் கொண்டுவந்து மேடைமேல் வைத்தார். அந்தோணியம்மாள் மேடையிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார். சத்தம் கூட்டாமல்தான் பேசினார்.

"ஒடச்சது கூடப் போவுது தம்பி. கோயில்காரங்களே கழட்டிப் போட்டுட்டாங்க, நீங்க யாரோ. படிச்சுட்டு ஒடச்சிருக்கலாம். உங்க ஒருத்தர் மனசுலயாச்சும் அது இருந்திருக்கும்."